மாந்தோப்பில் கிடந்த பழைய பாய்மரப் படகு: மாடலும் வயதும் கண்டுபிடித்த விதம்

பழைய சின்னப் பாய்மரப் படகு ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பாயைத்தான் பிரித்துப் பார்ப்பார்கள். பாயில் ஒரு சின்னமும் ஓர் எண்ணும் இருக்கும், அதை வைத்தே மாடலைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார்கள். பாயைக் கடைசியில் பார்ப்பதுதான் நல்லது என்பேன். பாய், பாய்மரம், கயிறு, கப்பி, பெயின்ட் எல்லாமே மாற்றக்கூடியவை. ஐம்பது அறுபது வருஷப் படகில் இவை இரண்டு மூன்று தடவையாவது மாறியிருக்கும். ஒகேனக்கல் பரிசலுக்கு அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட் போர்த்தித் தார் பூசுகிறார்கள். மேலே இருக்கும் ஷீட்டைப் பார்த்து உள்ளே இருக்கும் மூங்கில் கூட்டின் வயதைச் சொல்ல முடியுமா? பாய்மரப் படகிலும் உடம்பின் நீள அகலம், பலகை மடியும் இடங்கள், உள்சட்டம், பசை என்று மாற்ற முடியாதவற்றில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இந்தப் படகு கிடந்தது கிருஷ்ணகிரி பக்கம், கே.ஆர்.பி. அணைக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவே ஒரு மாந்தோப்பில். பம்ப் செட் ரூமை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை, அதற்குள் கற்களின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். என் பெரிய மாமா தோப்பை வாங்கியபோது கொட்டகையோடு படகும் சேர்ந்து வந்தது. கவிழ்த்து வைத்த புண்ணியவான் யாரோ, அவரால்தான் இது பிழைத்தது. நிமிர்ந்து கிடந்திருந்தால் கூரை ஒழுகிய தண்ணீர் உள்ளே தேங்கி அடிப்பலகை முழுக்க மக்கிப்போயிருக்கும்.

தோப்பை விற்ற அம்மா, அது தன் அப்பா பெங்களூரில் இருந்து கொண்டுவந்தது, வெள்ளைக்காரன் காலத்துப் படகு என்று சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு அது போதும்.

"ஏப்பா, உனக்குத்தான் மரவேலை தெரியுமே. ரெண்டு கோட்டு பெயின்ட் அடிச்சுக் குடு, அணையில விட்டுப் பாக்கலாம்" என்றார்.

"பெயின்ட் அடிச்சா எல்லாம் மறைஞ்சு போயிடும் மாமா. மொதல்ல இது என்ன படகு, எந்த வருஷத்துதுன்னு பார்த்துடறேன். அதுக்கப்புறம் எதை மாத்தலாம், எதைத் தொடக்கூடாதுன்னு தெரியும்" என்றேன்.

கிருஷ்ணகிரியில் என் பட்டறையில் தினமும் புழங்குவது பிளைவுட்டும் தேக்கும்தான். அந்தக் கண்ணோடுதான் இந்தப் படகையும் பார்த்தேன்.

முதல் வேலை அளவு. வளைந்த உடம்பின் மேல் டேப்பைப் போட்டு இழுத்தால் நீளம் கூடுதலாக வரும். படகை நிமிர்த்தி, ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, முன் மூக்கில் இருந்து ஒரு தூக்குக்குண்டு, பின்பலகையின் வெளிப்பக்கத்தில் இருந்து இன்னொன்று தொங்கவிட்டு, தரையில் புள்ளி வைத்து, அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே அளந்தேன். சுக்கான் மாட்டும் கொக்கிகளைச் சேர்க்கக் கூடாது. வந்த நீளம் 13 அடி 3 அங்குலம். அகலத்துக்கு மேலே நேரான சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் குண்டு விட்டேன். 5 அடி 3½ அங்குலம். பல வருஷம் கவிழ்ந்து கிடந்த மரப் படகு பக்கவாட்டில் கொஞ்சம் விரியும், அதனால் அகலத்தில் அரை அங்குலம் ஒரு அங்குலம் வித்தியாசம் வந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீளம் அப்படி மாறாது. நீளத்தைத்தான் நம்ப வேண்டும்.

இந்த அளவுக்குப் பக்கத்தில் வரும் படகுகள் எவை? உலகம் முழுக்கப் பரவிய சின்னப் பாய்மரப் படகுகள் பெரும்பாலும் ஒரே அளவில், ஒரே வரைபடத்தில் கட்டப்பட்டவை. போட்டியில் எல்லாப் படகும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. அதனால் நீளமே பாதி ஆட்களை வெளியே அனுப்பிவிடும். மிரர் 10 அடி 10 அங்குலம்தான், அதன் மூக்கும் கூராக இருக்காது, வெட்டிவிட்ட மாதிரி தட்டையாக இருக்கும். ஜி.பி. 14 பெயரிலேயே 14 அடி. லேசர் 13 அடி 9 அங்குலம், அதுவும் ஃபைபர். ஓ.கே. டிங்கி என்று ஒரு டேனிஷ் படகு உண்டு, 1957-ல் வந்தது, நீளம் 4 மீட்டர். நம்முடையதை மீட்டரில் சொன்னால் 4.04. நாலு சென்டிமீட்டர்தான் இடைவெளி, இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் ஓ.கே. ஒற்றை ஆள் ஓட்டும் படகு, அகலம் 1.42 மீட்டர்தான். அதற்கு முன்பாய் கிடையாது, பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளும் கிடையாது. நம் படகின் இரண்டு பக்கமும் அந்தக் கம்பிகளை மாட்டும் உலோகப் பட்டைகள் இருந்தன, மூக்கில் முன்பாய் மாட்டும் வளையமும் இருந்தது. அகலமும் அரை அடிக்கு மேல் கூடுதல். ஓ.கே. வெளியே.

மிச்சம் இருந்தது என்டர்பிரைஸ். ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வரைந்தது, 1956-ல் வெளிவந்தது. 'நியூஸ் கிரானிக்கிள்' என்ற லண்டன் நாளிதழ் அதை முன்னின்று அறிமுகப்படுத்தியது. அந்த நாளிதழ் 1960-லேயே நின்றுபோனது, படகு இன்றும் ஓடுகிறது. ஜி.பி. 14, மிரர் இரண்டிலும் அதே ஹோல்ட்டின் கை உண்டு. சாதாரண ஆள் வீட்டுக் கொட்டகையில் பிளைவுட்டை வெட்டித் தானே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவருடைய படகுகளின் அடிப்படை எண்ணம். மரவேலை செய்கிறவனுக்கு அவர் மேல் மரியாதை வராமல் இருக்காது. பிளைவுட்டை இரண்டு திசையில் வளைக்க முடியாது, ஒரு திசையில்தான் வளையும். அந்தக் குறையை வைத்துக்கொண்டே அழகான உடம்பை வரவழைத்திருக்கிறார்.

என்டர்பிரைஸ் நீளம் 4.04 மீட்டர், அகலம் 1.60 மீட்டர் அளவில். இரண்டும் பொருந்தின. ஆனால் அளவு மட்டும் பொருந்தினால் போதாது, வடிவமும் ஒத்துப்போக வேண்டும். என்டர்பிரைஸில் பக்கப்பலகை அடிப்பலகையோடு ஒரே மடிப்பில் சேராது, நடுவே இன்னொரு பலகை வந்து ஒவ்வொரு பக்கமும் இரண்டு மடிப்பு இருக்கும். அடியில் கையைக் கொடுத்து மேலிருந்து கீழே தடவினாலே தெரிந்துவிடும்: ஒரு முனை, ஒரு சாண் இறங்கினால் இன்னொரு முனை. நம் படகில் இரண்டும் இருந்தன.

இதற்கு நடுவில் ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வேலை இவ்வளவு இல்லை. அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய படகுகளில் பின்பலகையின் வலப்பக்க மேல் மூலையில் 12 எழுத்து, எண் கொண்ட அடையாளம் பதித்திருக்கும். முதல் மூன்று எழுத்து கட்டிய கம்பெனி, கடைசி இலக்கங்களில் வருஷம். ஐரோப்பாவில் 1998-க்குப் பிறகு இதுபோல் கட்டாயம். அந்த இடத்தில் பெயின்ட் கனமாக இருந்தால் சுரண்டாமல் முதலில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், எழுத்தின் பள்ளம் நிழலில் தெரியும்.

இவ்வளவு பழைய மரப் படகில் அந்த வசதி இல்லை, உள்ளே போய்த்தான் தேட வேண்டும். கட்டியவர் பெயர்த்தகடு பின்பலகையின் உள்பக்கம் இருந்திருக்கிறது. தகடு போய்விட்டது, இரண்டு சின்ன ஓட்டையும் நடுவே வெயில் படாத ஒரு நீள்சதுரமும் மட்டும் மிச்சம். ஆனால் போட்டிப் படகுகளில் பாயில் இருக்கும் எண்ணை உடம்பிலும் ஒரு நிரந்தரமான கட்டையில் வெட்டிவைக்கும் பழக்கம் உண்டு. படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகையின் பெட்டிக்குப் பின்னால், அடிக்கட்டையின் மேல், பெயின்டுக்கு அடியில் ஏதோ மேடுபள்ளம் விரலில் பட்டது. அங்கே உப்புத்தாள் போடவில்லை. மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்து லேசாகத் தேய்த்தேன். முதலில் வெறும் கறுப்பு. அப்புறம் ஒரு வளைவு, ஒரு நேர்கோடு, இலக்கங்கள் ஒவ்வொன்றாக வெள்ளையில் மேலே வந்தன. உளியால் கையில் வெட்டிய எண், அதில் ஓர் ஏழின் கால் கொஞ்சம் சறுக்கியிருந்தது.

இப்போதுதான் பாய்ப் பையைத் திறந்தேன். மேலே இருந்த பெரிய வெள்ளைப் பாயில் மணியின் படம் போட்டிருந்தது. மணிச் சின்னம் ஜி.பி. 14-க்கு உரியது. பாயை மட்டும் பார்த்திருந்தால் இதை ஜி.பி. 14 என்றே எழுதிவைத்திருப்போம். ஆனால் பாயில் தைத்திருந்த எண்ணும் கட்டையில் வெட்டிய எண்ணும் வேறு வேறு. பாயின் முன்விளிம்பை பாய்மரத்தோடு வைத்துப் பார்த்தால் மரம் போதவில்லை, பாய் நீளம். வேறு படகின் பாய் எப்போதோ இந்தப் பைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பையின் அடியில் சுருட்டிக் கிடந்த சின்ன முன்பாய் சாம்பல் பூத்த வெள்ளையாக இருந்தது. என்டர்பிரைஸ் என்றாலே நீலப் பாய், அதுதான் தூரத்தில் இருந்தே அதன் அடையாளம். இது நீலம் இல்லையே என்று முதலில் தோன்றும். பாயின் ஓரம் கம்பியைச் சுற்றி மடித்துத் தைத்திருக்கும் இடத்தில் நாலு தையலைப் பிரித்து மடிப்பைத் திறந்தேன். உள்ளே பளிச்சென்று நீலம். வெயில் எட்டாத அந்த ஒரு விரல் அகலத்தில் நிறம் அப்படியே நின்றிருந்தது. பிரித்த இடத்தில் இருந்து ஒரு நூலை எடுத்துத் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். இது சுருங்கி, உருகி, நுனியில் கறுப்பாக ஒரு சின்ன மணி கட்டியது. பாலியஸ்டர். டெரிலின் என்ற பெயரில் அது பாய்த்துணியாகப் புழக்கத்துக்கு வந்தது 1950-களில்.

எழுத்து பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்தியப் படகுகளுக்கு உதவும். சர்வதேசப் போட்டிக்குப் போன பாய்களில் எண்ணுக்கு முன்னால் நாட்டின் எழுத்து இருக்கும். பழைய முறையில் இந்தியாவுக்கு கே.ஐ., 1990-களின் தொடக்கத்துக்குப் பிறகு ஐ.என்.டி. பாயின் வயதைச் சொல்ல இது நல்ல கோடு. ஆனால் பாயின் வயதை மட்டும்தான் சொல்லும், படகின் வயதை இல்லை.

மாடல் முடிவாகிவிட்டது. வெள்ளைக்காரன் காலம் என்ற பேச்சும் அதோடு முடிந்தது. 1956-ல் பிறந்த வரைபடத்தில் 1947-க்கு முன் படகு கட்ட முடியாது. கே.ஆர்.பி. அணையே காமராசர் ஆட்சியில் 1950-களின் பிற்பாதியில் வந்ததுதான். ஆனால் 1956-க்குப் பிறகு என்றால் எப்போது? 60-களா, 80-களா? இங்கேதான் பட்டறை அனுபவம் கை கொடுத்தது.

உள்ளே மடிப்புகளின் நெடுக மரச்சட்டம் ஓடுகிறது, பிளைவுட்டை அதில் பசை தடவி ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். மிரர் படகு 1963-ல் வந்தபோது கொண்டுவந்த முறை வேறு, செம்புக் கம்பியால் பலகைகளைத் தைத்து ஃபைபர் டேப்பும் ரெசினும் போட்டு ஒட்டுவது. அதன் சாயலே இதில் இல்லை. சட்டத்தில் ஓர் ஓரமாக இழைப்புளியை ஒரே ஒரு தடவை ஓட்டினேன். சுருள் வந்ததுமே தோல் வாசனை, விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. தேக்கு. இங்கிலாந்தில் கட்டியிருந்தால் இந்த இடத்தில் மகாகனியோ ஸ்புரூஸோதான் பெரும்பாலும் இருக்கும். இது நம் நாட்டில் கட்டிய படகாக இருக்கலாம் என்ற எண்ணம் அப்போதே வந்தது.

ஒட்டு விரிந்திருந்த இடத்தில் பசை கோடு கருஞ்சிவப்பு. அது ரெசார்சினால் பசை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இருந்து படகுக்கும் விமானத்துக்கும் நம்பிக்கையாகப் பயன்பட்டது. எபாக்சி படகுகளுக்குள் நுழைந்தது 1970-களில் இருந்துதான், அதன் கோடு தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். யூரியா பசை வெளுப்பாக, நாள்பட்டால் வெடித்துப் பொடியாகும். ஸ்க்ரூ எல்லாம் ஒற்றைப் பள்ளம் போட்ட பித்தளை. சிலதன் தலை இளஞ்சிவப்பாக மாறி, திருப்பும்போது பிஸ்கட்டாக உடைந்தது. பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து போனால் அப்படி ஆகும். கப்பிகள் டஃப்னால், துணியையும் பிசினையும் அடுக்கி அழுத்திச் செய்த பழுப்புப் பொருள். இவை எல்லாம் 60-களோடு ஒத்துப்போகின்றன, ஆனால் ஒத்துப்போவது வேறு, உறுதி வேறு. பழைய சரக்கை வைத்து 1975-லும் ஒருவர் கட்டலாம்.

உறுதி வந்தது பாய்மரம் உட்காரும் கட்டையில் இருந்து. அதில் நீளவாக்கில் வெடிப்பு, எப்படியும் கழற்றியாக வேண்டும். கழற்றுவதற்கு முன் கட்டையும் அடியும் சேரும் மூலையில் ஒரு ரூபாய் அளவுக்கு பெயின்டைப் படிப்படியாகத் தேய்த்து இறக்கினேன். தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகத்துக்கு மாஸ்க் கட்டாயம். பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்கும், உலர்ந்த தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது. வளையம் வளையமாக நிறங்கள் வந்தன: வெளியே பச்சை, அடுத்து சாம்பல், அடுத்து வெள்ளை, கடைசியில் மரத்தை ஒட்டி வார்னிஷ். அந்த வார்னிஷ் கட்டையில் இருந்து அடிப்பலகை வரை அறுபடாமல் ஒரே படலமாக ஓடியது. அப்படியென்றால் படகு கட்டிய அன்று வைத்த கட்டைதான் இது, இடையில் யாரும் தூக்கவில்லை.

ஸ்க்ரூவை எடுத்து, மெல்லிய உளியை விட்டு நெம்பினேன். கட்டை தூக்கிய இடத்தில், அதற்கென்றே குடைந்த ஒரு சின்னக் குழிக்குள், மூலை மழுங்கிய சதுரக் காசு ஒன்று. ஐந்து நயா பைசா. துணியால் துடைத்ததும் 1961 என்ற வருஷம் தெரிந்தது. ரூபாயில் இருபதில் ஒரு பாகம் என்று இந்தியில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு எழுத்து கூர்மை. கை மாறித் தேய்ந்த காசு இல்லை, புதுசாக இருக்கும்போதே உள்ளே போயிருக்கிறது.

பாய்மரத்தின் அடியில் காசு வைப்பது மேல்நாட்டுப் படகு கட்டுபவர்களின் பழைய பழக்கம். நாமும் வாசக்கால் நிறுத்தும்போது அடியில் காசு வைக்கிறோம். எந்தப் பழக்கத்தில் வைத்தாரோ, வைத்தவர் கையில் இருந்தது நயா பைசா. அதனால் கட்டை வைத்தது இந்தியாவில். நயா பைசா நம் நாட்டில் 1957 ஏப்ரலில் வந்தது, 1964-ல் 'நயா' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். 1961-க்கு முன் இந்தக் கட்டையை வைத்திருக்க முடியாது. காசு தேயாமல் இருப்பதால் அதற்கு வெகு காலம் கழித்தும் இல்லை. தேக்குச் சட்டம், ரெசார்சினால் பசை, பித்தளை ஸ்க்ரூ எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 1961-க்கும் 1964-க்கும் நடுவில் இந்தியாவில் கட்டிய என்டர்பிரைஸ் என்பது என் முடிவு. ராணுவத்திலும் படகு கிளப்புகளிலும் இந்த வகை இங்கே நிறைய ஓடியிருக்கிறது. பெங்களூர் அல்சூர் ஏரியில் ராணுவத்தினர் பாய்மரப் படகு ஓட்டுவதும் தெரிந்த விஷயம்தான். பெங்களூரில் இருந்து வந்தது என்று அந்த அம்மா சொன்னது இதோடு நன்றாகவே பொருந்துகிறது.

மாமாவிடம் காசைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நான் மூணாவது படிக்கும்போது செலவு பண்ண காசுப்பா" என்றார். பெயின்ட் அடிக்கச் சொல்லி அதற்குப் பிறகு அவசரப்படுத்தவில்லை.

வயது தெரிந்த பிறகு ரிப்பேர் முடிவுகள் சுலபமாகிவிட்டன. பின்பலகையின் இடது மூலையும் நடுப்பலகைப் பெட்டியை ஒட்டி அடியில் ஒரு துண்டும் மக்கியிருந்தன. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் டக் டக் என்று கேட்கும், மக்கிய இடம் பொத்தென்று கேட்கும். அதை மட்டும் வெட்டி எடுத்தேன். அலமாரிக்குப் போடும் 303 பிளை இதற்கு ஆகாது, 710 முத்திரை போட்ட மரைன் பிளைதான் வேண்டும். பழைய பலகை கால் அங்குலம், புதிது 6 மி.மீ. சேரும் விளிம்பை இரண்டு பக்கமும் கனத்தைப்போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, எபாக்சியில் மரத்தூள் குழைத்து ஒட்டினேன். தேக்கில் ஒட்டும் இடத்தை முதலில் அசிட்டோனால் நன்றாகத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த எண்ணெய்ப் பிசுக்கு பசையைப் பிடிக்க விடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் எபாக்சி கப்பில் இருக்கும்போதே சூடேறி இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் பரப்பி வைத்துக்கொண்டால் வேலை செய்ய நேரம் கிடைக்கும். உடைந்த பித்தளைக்குப் பதில் 304 ஸ்டெயின்லெஸ் போட்டேன். நல்ல தண்ணீரில் ஓடப் போகும் படகுக்கு அது போதும்.

எண் வெட்டிய கட்டையையும் தகடு இருந்த நீள்சதுரத்தையும் உப்புத்தாள் படாமல் விட்டு, மேலே வார்னிஷ் மட்டும் கொடுத்திருக்கிறேன். காசை அதே குழியில் வைத்து, பழைய அளவுக்கே தேக்கில் புதுக் கட்டை செய்து மூடினேன். கட்டையின் அடியில் நான் மாற்றிய வருஷத்தை உளியால் வெட்டிவிட்டேன், இனி யாராவது தூக்கினால் இது பிறகு வைத்தது என்று தெரியட்டும். மேல்தளத்தில் இருந்த பச்சை முழுவதையும் இறக்கிவிட்டு, அடியில் இருந்தது போலவே வார்னிஷுக்குப் போகிறேன்.

பாக்கி இருப்பது பாய். பெரிய பாயும் முன்பாயும் சேர்த்து என்டர்பிரைஸுக்கு 113 சதுர அடி. பழைய முன்பாயைத் தரையில் விரித்து, மூலைக்கு மூலை அளந்து, விளிம்பின் வளைவைக் கோந்து போட்டு ஒட்டிய செய்தித்தாளில் அப்படியே வரைந்து வைத்திருக்கிறேன். துணி நீலத்தில்தான் வேண்டும் என்று சென்னையில் பாய் தைப்பவரிடம் சொல்லியிருக்கிறேன். நிறம் காட்ட, பிரித்த மடிப்பில் இருந்து ஒரு துண்டு வெட்டிக் கவரில் போட்டு அனுப்பியாயிற்று.